நீச்சல் குளத்துக்கு நான் பார்த்த வைத்தியம்

பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் நல்ல மார்க் வாங்கியவன் என்ற நினைப்புதான் எனக்கு வினை. ஃபீனிக்ஸ் பக்கம் வீடு வாங்கியபோது கொல்லையில் நீச்சல் குளமும் சேர்ந்தே வந்தது. பழைய பூச்சு சொரசொரத்துப் பிள்ளைகளின் காலைக் கீறியதால், வெள்ளைச் சிமென்டும் சலவைக்கல் பொடியும் கலந்து புதுசாகப் பூசினோம்.

பூசியவர் சொல்லிவிட்டுப் போனவை சின்ன விஷயங்கள். மேலே டைல்ஸ் வரை நிரம்பும்வரை குழாயை மூடக் கூடாது. முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் சுவர், தரை எல்லாம் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பலமாகத் தலையாட்டினேன்.

தூங்கும்போது வழிந்துவிடுமோ என்று பயந்து ராத்திரி குழாயை மூடினேன். தண்ணீர் நின்ற மட்டத்தில் சுற்றிலும் ஒரு கோடு விழுந்தது. விருந்தாளிகளிடம் அதை டிசைன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது பிரஷ். புதுச் சிமென்ட் இறுகும்போது சுண்ணாம்பைக் கக்கும். அது வெள்ளைத் தூசியாகப் படியும். தேய்க்காமல் விட்டால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். நான் சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிற சுவரை மட்டும் தேய்த்தேன். மனைவி ஒருநாள் துணி காயப்போட வெளியே வந்ததில் குட்டு உடைந்தது.

அதே சுண்ணாம்புதான் தண்ணீரின் பி.எச். அளவையும் ஏற்றுகிறது. 7.2-லிருந்து 7.6-க்குள் நிற்க வேண்டியது, காலையில் ஆசிட் ஊற்றி இறக்கினால் சாயங்காலம் 8-ஐத் தாண்டி நிற்கும். பூச்சு இறுக ஏறக்குறைய 28 நாள் ஆகும், அதுவரை அப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமாக ஆசிட் விட்டு ஈடுகொடுத்தால் போதும். எனக்கோ மானப் பிரச்சினை. ஒரேயடியாக ஊற்றினேன், ஆல்கலினிட்டி அதலபாதாளத்துக்குப் போனது. அதைத் தூக்க சமையல் சோடா போட்டேன், பி.எச். மறுபடி ஏறியது. மறுபடி ஆசிட். கடைக்காரருக்கு என்னைக் கண்டாலே முகம் மலர ஆரம்பித்தது.

உச்சகட்டம் இனிமேல்தான். பாசி வந்துவிடக் கூடாது என்று குளோரினை அள்ளிக் கொட்டிவிட்டு, உடனே பி.எச். சோதித்தேன். ஃபீனால் ரெட் சொட்டு விட்டதும் சோதனைக் குழாயில் தண்ணீர் கத்தரிப்பூ நிறம். பி.எச். எகிறிவிட்டது என்று பதறி இன்னும் ஆசிட் ஊற்றினேன். குளோரின் மிதமிஞ்சினாலும் அந்த மருந்து ஊதாவாகும் என்பது டப்பாவோடு வந்த தாளிலேயே அச்சாகியிருந்தது. தாளைப் பிரித்தது பிறகுதான். அதற்குள் ஆசிட் தண்ணீர் புதுப் பூச்சை அரித்துவிட்டது. தடவிப் பார்த்தால் உப்புத்தாள். எந்தச் சொரசொரப்புக்காகப் பழசைப் பெயர்த்தோமோ, அதைக் காசு கொடுத்து மறுபடி வாங்கியிருக்கிறேன்.

புதுப் பூச்சு போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் மாதம் பிரஷ்ஷை நிறையப் போடுங்கள், ஆசிடைக் கொஞ்சமாக ஊற்றுங்கள், குளோரின் இறங்கிய பிறகு பி.எச். பாருங்கள். அந்தத் தாளை முதலிலேயே படித்துவிடுங்கள்.