ஒத்தக் குமிழு மைனர்

வாடா பேராண்டி, அந்தத் திண்ணையில உக்காரு. நேத்து ராத்திரி உன் ஊட்டுல இன்னாடா நடந்துச்சு? 1749-ல அன்வருதீன் கான் இதே ஆம்பூர்ல சண்டையில செத்தாரு பாரு, அதுக்கப்பால இம்மாஞ் சத்தம் இந்தப் பக்கம் கேட்டிருக்காது. எதிர் ஊட்டு ஆடு கயித்த அறுத்துகினு பாலாத்துல எறங்கிடுச்சு. ஆத்துல தண்ணி இல்ல, அதனால பொழச்சிது.

நீ வாயத் தொறக்காத, நானே சொல்றேன். ரெக்கார்டு கேட்டுகினு இருந்த. சத்தம் பத்தலன்னு குமிழ முக்கா சுத்து திருப்புன. பாட்டு முடிஞ்சதும் சிடிக்கு மாத்துன. குமிழு ஒண்டி முக்கா சுத்துலயே நின்னுபோச்சு. சரியா?

உன் ஆம்ப்ளிஃபையர் இன்னா வெலைன்னு நான் கேக்கமாட்டேன், இந்த வயசுல எனக்கு பிபி ஏறும். அதுல சத்தத்துக்கு எத்தினி குமிழு கீது? ஒண்ணு. கல்யாணத்துக்கும் பாரதக் கூத்துக்கும் நாங்க தோள்ல சொமந்துகினு போன அகுஜா பெட்டியில மைக்குக்கு ஒண்ணு, அடுத்த மைக்குக்கு ஒண்ணு, ரெக்கார்டு பிளேயருக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கும். துரியோதனன் கட்டியிருக்கிறவன் தொண்டை வேற, திரௌபதி கட்டியிருக்கிறவன் தொண்டை வேற. அந்தந்த ஓட்டையிலயே அளவ சரிபண்ணிட்டு, அப்பால மொத்தத்துக்கும் ஒரு மாஸ்டர். நீங்க சீமைப் பெட்டி வாங்குறவங்க. அழகு கெட்டுடும்னு அதையெல்லாம் எடுத்துட்டான், நீயும் கூடக் காசு கொடுத்து வாங்கினு வந்துட்ட.

கணக்கு சொல்றேன், கேட்டுக்கோ. சிடி பிளேயரு உச்சத்துல 2 வோல்ட் தள்ளும். கேசட் டெக்கு, ட்யூனரெல்லாம் அரை வோல்ட் சுமாருக்கு. உன் ரெக்கார்டு பிளேயர் ஊசி, மூவிங் மேக்னட்டுன்னு பெருமையா காட்டினியே, அது கொடுக்கிறது 5 மில்லிவோல்ட். சிடியில 400-ல ஒரு பங்கு! அதுக்குத்தான் போனோன்னு தனியா ஒரு ஓட்டை. அங்க 40 டெசிபல், அதாவது 100 மடங்கு ஏத்துவான். ரெக்கார்டு வெட்டும்போது பள்ளம் அகலமாயிடக் கூடாதுன்னு பேஸைக் கொறச்சு, இரைச்சலை அமுக்க ட்ரெபிளை ஏத்தியிருப்பான். 1954-ல முடிவான ஆர்ஐஏஏ கணக்குப்படி அதையும் அங்கியே திருப்பிப் போட்டுடுவான். நீ சரியான ஓட்டையிலதான் சொருவி கீற, அதுல கொற சொல்லல. ஆனா 5 மில்லிவோல்ட்ட 100 மடங்கு ஏத்தினாலும் அரை வோல்ட்டுதான? சிடிக்கும் அதுக்கும் இன்னும் நாலு மடங்கு, 12 டெசிபல் பாக்கி நிக்குது. அந்தப் பாக்கியத்தான் நேத்து ஆட்டுகிட்ட வசூல் பண்ண.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் எதுன்னா, ரெக்கார்டுல பேஸே இல்ல, உயிரே இல்லன்னு ஊர் பூரா சொல்லிகினு திரியிற பாரு, அதான். கம்மியா பாடுனா காது பேஸை இன்னும் கம்மியாத்தான் வாங்கும். பெல் ஆராய்ச்சிக் கூடத்துல பிளெட்சரும் மன்சனும் 1933-லயே இத அளந்து கோடு போட்டுக் காட்டிட்டாங்க. நீ அம்மாஞ் செலவு பண்ணது அவங்களுக்குத் தெரியாம போச்சு.

ரிச்சி தெருவுல ஸ்பீக்கர் வாங்கப் போனியே, அங்கயும் இதே கூத்துதான். ஒரு வாட்டுக்கு 86 டெசிபல் பாடுறது ஒண்ணு, 90 பாடுறது இன்னொண்ணு. நீ குமிழத் தொடாத வரைக்கும் 90-தான் ஜெயிக்கும். கடைக்காரன் பொய்யே சொல்லவேணாம், சுவிட்சத் தட்டிட்டு உன் மூஞ்சியப் பாத்துகினு நின்னா போதும்.

தோல் கம்பெனியில நீ குவாலிட்டி பாக்கிறவன். மேல்தோல் 1.2 மில்லின்னு ஆர்டர், ஒரு துண்டு 1.6-ல வந்தா இன்னா பண்ணுவ? ஷேவிங் மெஷினுக்குத் திருப்பி அனுப்பி, தடிச்சதச் சீவி மெல்லிசோட சேப்ப. மெல்லிச இஸ்து தடிப்பாக்க எவனாலயும் ஆவாது. இங்கயும் அதான். கீழ நிக்கிற ரெக்கார்ட அளவா வச்சிக்கோ, மேல நிக்கிற சிடியக் கீழ எறக்கு.

முதல்ல ஆம்ப்ளிஃபையரோட புஸ்தகத்தப் பிரி, இன்னும் பிளாஸ்டிக்கு உரிக்காம வச்சிருப்ப. சில பெட்டியில மெனுவுக்குள்ள ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனியா அளவு கொறைக்க வழி கீது. இல்லன்னா ரெண்டு ரெசிஸ்டர் போதும். சிக்னல் வர்ற கம்பியில வரிசையா 10 கே. அதத் தாண்டி, ஆம்ப்ளிஃபையர் பக்கம் கிரவுண்டுக்கு 4.7 கே. பத்து டெசிபல் எறங்கிடும். லெப்டுக்கு ஒரு ஜோடி, ரைட்டுக்கு ஒரு ஜோடி. டீக்கு ஆவுற காசு. அதையே பளபளன்னு டப்பியில போட்டு அட்டெனுவேட்டர்னு விக்கிறான், உனக்கு அதான் புடிக்கும்.

போன்ல கேக்கறதா இருந்தா போனோட சத்தத்தக் கிட்டத்தட்ட முழுசா வச்சிட்டு, ஆம்ப்ளிஃபையர்ல கொறைச்சிக்கோ. போன்ல பாதி வச்சிட்டு இங்க ஏத்துனா இரைச்சலும் சேந்து ஏறும். ஸ்பாட்டிஃபைல சத்தத்த ஒரே மட்டத்துக்குக் கொண்டாற ஒரு அமைப்பு கீது, அத அணைச்சு வைக்காத. எண்பதுகள்ல வந்த பாட்டுக்கும் இப்ப வர்ற பாட்டுக்கும் கீற சண்டைய அதுவே பாத்துக்கும்.

சரியாச்சான்னு பாக்க மல்டிமீட்டர் இருந்தா போதும். 100 ஹெர்ட்ஸ் டோன ஒரே அளவுல சிடியிலயும் போன்லயும் ஓடவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினல்ல ஏசி வோல்ட்ட அளந்துக்கோ. குமிழு சின்னதாவே இருக்கட்டும். ரெண்டுத்துக்கும் நூத்துக்கு ஆறு வித்தியாசம்னா அரை டெசிபல்தான், ஊட்ல பாட்டு கேக்கிறதுக்கு அது போதும். மீட்டரோட ரெண்டு முள்ளும் ஒண்ணோட ஒண்ணு தொட்டுடாம பாத்துக்கோ, தொட்டுச்சின்னா ஆம்ப்ளிஃபையர் பரலோகம். ரெக்கார்டுக்கு மீட்டர் வேணாம். ரெண்டுலயும் கீற ஒரே பாட்ட மாத்தி மாத்திப் போட்டுக் காதால ஒப்பு பாரு.

அப்பால, அந்த ரெக்கார்டு பிளேயர வித்துடப் போறேன்னு டீக்கடையில சொன்னியாமே? நெஜமாவே விக்கறதா இருந்தா வேற யாருகிட்டயும் வெல பேசாத. ரெசிஸ்டர் போடறதுக்கு முன்னாடி என்கிட்ட கொண்டா. உயிரில்லாத மிஷினுக்கு இன்னா வெல உண்டோ அத எண்ணிக் கைல குடுத்துடறேன்.