சங்குக் குடித்தனம்: மாமல்லைக் கடற்கரை வாடகைதாரர் குறித்து ஓர் ஆய்வு

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையெங்கும் மனை விற்பனைப் பலகைகள். சற்றுத் தள்ளி, அலை நனைக்கும் மணலில், பத்திரமோ பட்டாவோ இல்லாமல் தலைமுறை தலைமுறையாகத் துறவி நண்டுகளின் சங்குக் குடித்தனம் நடக்கிறது. முன்னதைப் பற்றித் துண்டறிக்கைகள் மலிந்து கிடக்கின்றன. பின்னதன்மேல் ஆய்வுலகின் பார்வை சரியாக விழவில்லை. இக்கட்டுரை பிறந்த காரணம் அதுதான்.

முன்னோர் ஆய்வுகளைச் சொல்லிவிட்டுக் குறை காண்பது மரபு. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் ஜே. ஆர். ஹெண்டர்சன் 1893இல் இந்திய நண்டினங்கள் பற்றி எழுதி, டயோஜெனஸ் பேரினத்துத் துறவி நண்டுகள் சிலவற்றுக்குப் பெயரும் சூட்டினார். 1905இல் விலங்கியலாளர் ஆல்காக் கல்கத்தாவில் துறவி நண்டுகளுக்கென்றே ஒரு தொகுதி வெளியிட்டார். இருவரும் காலை எண்ணினார்கள், கொடுக்கை அளந்தார்கள்; வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்கவில்லை. (ஹெண்டர்சனின் கல்லூரியே 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு, அதாவது இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு, வீடு மாறியது. இத்துறையில் இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.)

துறவி நண்டின் உடற்கூறு வருமாறு. முன்பாதி கவசம், பின்பாதி வெறும் தோல், மெத்தென்று ஒருபக்கம் சுருண்டது. வால் நுனிக் கொக்கி சங்கின் நடுத்தண்டைப் பற்றிக்கொள்ளும். கடைசி நான்கு கால்கள் குட்டையாகி உள்சுவரில் ஊன்றுவதற்கே பயன்படும். டயோஜெனஸுக்கு இடக் கொடுக்கு பெரிது. உள்ளே ஒடுங்கியதும் அதுவே கதவு. வயிற்றின் சுருள் சாதாரண இடம்புரிச் சங்குக்கு வாகாக அமைந்தது. ஆகவே நம்மவர் லட்சங்கள் கொடுத்துப் பூசையறையில் வைக்கும் வலம்புரி, இந்தக் குடித்தனக்காரருக்கு வாஸ்து சரியில்லாத வீடு.

நத்தையைக் கொன்று வீட்டைப் பறிக்கிறது என்ற அவதூறு நெடுநாளாக உண்டு. பெரும்பாலும் இது பொய். உரிமையாளர் இறந்து காலியான கூடுதான் இதற்கு வேண்டும். ஆனால் நத்தையை வேறு ஏதோ பிராணி கிழித்த வாடை நீரில் பரவினால் போதும், சில இன நண்டுகள் அங்கே வந்து கூடிவிடும். துக்கம் விசாரிக்கத்தான் என்று கொள்ளத் தடையில்லை.

வீடு பார்க்கும் நேர்த்தியை நம் தரகர்கள் கற்க வேண்டும். கூட்டை உருட்டும், வாசல் விளிம்பைத் தடவும், கொடுக்கை உள்ளே விட்டு ஆழம் பார்க்கும். மனம் ஒப்பினால் கண்ணிமைக்கும் நேரத்தில் பின்பக்கமாகப் புகுந்துவிடும். பிடிக்காவிட்டால் பழைய கூட்டுக்கே திரும்ப வேண்டியிருப்பதால், அதை எட்டத் தள்ளுவதில்லை. பிறர் குடியிருக்கும் கூட்டின்மேல் ஆசை வைத்துத் தன் கூட்டால் மோதிக் காலிசெய்ய வைக்கும் இனங்களும் உண்டு. இதற்கு நோட்டீஸ் காலம் கிடையாது. ஆண் நண்டோ பெண்ணை வீட்டோடு சேர்த்து இழுத்துப் போகும்; சீர் பேச்சு அத்துடன் முடிந்தது. டார்டேனஸ் பேரினத்தில் சில, கூட்டின்மேல் கடற்சாமந்தியை உள்வாடகைக்கு வைத்து, வீடு மாறும்போது அதையும் பெயர்த்துக்கொண்டு போகும். எதிரி நெருங்கினால் கொட்டுவது அதன் வேலை. காவலாளிக்குத் தனிச் சம்பளம் இல்லை.

மாமல்லையில் பல்லவர் பாறையில் செதுக்கிய ஐந்து ரதங்கள் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டன, குடிபுகுந்தாரில்லை. கூப்பிடு தூரத்தில் ஒரு செங்கல்லும் எடுத்துவைக்காத பிராணிக்குக் கிரகப்பிரவேசம் பலமுறை. காரணம், நண்டு வளரும், கூடு வளராது.

இந்த இடத்தில் நம் போலி ஆய்வுக்குப் போட்டியாக ஓர் அசல் ஆய்வு குறுக்கிடுகிறது. பெரிய கூடு ஒன்று காலியானால் அதில் ஒரு நண்டு ஏறும். அது விட்டதில் அதைவிடச் சிறியது. அது விட்டதில் இன்னொன்று. இந்தச் சங்கிலியும் மனிதர் வீடு மாறும் சங்கிலியும் ஒத்த விதிகளில் நடப்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் ஐவன் சேஸ் 1980களில் காட்டினார். ஆக, கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழிக் கடைகளில் மாலையாகவும் கண்ணாடிச் சட்டமாகவும் தொங்கும் சங்குகள் எல்லாம் காலி வீடுகள். ஒன்றை வாங்கினால் ஒரு வரிசையே நகராமல் நிற்கும்.

வரிசையின் கடைசியில் மிஞ்சுவது கடுகளவுக் கூடு. கடலில் மிதந்து திரிந்த குஞ்சு, வடிவம் மாறித் தரையிறங்கியதும் தேடுவது அதைத்தான். முன்பணம் கேட்டதாகப் பதிவில்லை.