தப்பு செய்த தாத்தா வாழ்க!

ஸ்காட்லாந்தில் கோடைக்காலம் என்பது மழை சற்று வெதுவெதுப்பாகப் பெய்யும் மாதங்களுக்கு வைத்த பெயர். அந்த மாதங்களில் ஏதாவது ஒரு கிராமத்துத் தேவாலயத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். ஈரப் புல்லில் முழங்காலிட்டு, மூக்கு உரசும் நெருக்கத்தில் ஒரு கல்லை உற்றுப் பார்த்துக்கொண்டு யாராவது இருப்பார். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். கனடாவிலிருந்தோ நியூசிலாந்திலிருந்தோ கொள்ளுத்தாத்தாவைத் தேடி விமானம் ஏறி வந்தவர். கல்லில் 'ஜான்' தெரிகிறது. 'மெக்' தெரிகிறது. மீதியைப் பாசி தின்றுவிட்டது.

ஊரைவிட்டுக் கிளம்பும்போது அவர் மனதில் ஒரு தாத்தா இருந்தார். கையில் வாள், இடுப்பில் கட்டம் போட்ட கில்ட், பின்னால் மலை, மலைக்குப் பின்னால் பேக்பைப் சத்தம். 1746-ல் கலோடன் போரில், அரியணை கேட்டுப் படை திரட்டிய இளவரசர் சார்லிக்காக மார்பில் குண்டு வாங்கியவர். முடிந்தால் ஒரு குலத்தலைவர். கலோடனில் எதிர்வரிசையிலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் நின்றார்கள் என்பதை நினைவுப்பொருள் கடையில் யாரும் சொல்வதில்லை. இரண்டு வரிசையிலும் நிற்காமல், 'இது நமக்கெதற்கு' என்று டர்னிப் வயலில் குனிந்திருந்தவர்கள்தான் அதிகம் என்பதையும் சொல்வதில்லை. டர்னிப் படம் போட்ட சால்வையை யார் வாங்குவார்கள்?

சால்வையின் பூர்வீகம் தனிக் கதை. இன்ன குலத்துக்கு இன்ன கட்டம் என்று ஆதியிலேயே விதித்துவைத்ததாகக் கடைக்காரர் அடித்துச் சொல்வார். 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். வரவேற்பு விழாப் பொறுப்பு வால்டர் ஸ்காட்டுக்கு. நாவலாசிரியரிடம் விழாவை ஒப்படைத்தால் என்ன ஆகும்? நகரத்துக் கனவான்கள் எல்லாரும் மலைநாட்டு வீரர்கள் ஆனார்கள். மன்னரும் கில்ட் கட்டினார், உள்ளே சதை நிறக் காலுறையோடு. இருபது வருடம் கழித்து, 1842-ல், இரண்டு சகோதரர்கள் பழைய சுவடியைப் பார்த்து எழுதியதாகச் சொல்லிக் குலவாரியான கட்டங்களைப் புத்தகமாகவே போட்டார்கள். சுவடி போலி. தாங்கள் இளவரசர் சார்லியின் பேரன்கள் என்றும் சொல்லிக்கொண்டார்கள், அதுவும் டூப். இன்று கடையில் தொங்கும் குலக் கட்டங்களில் பல அந்தப் புத்தகத்திலிருந்து வந்தவை. தாத்தாவைத் தேடி வருகிறவர் முதல் நாளே கழுத்தில் சுற்றிக்கொள்வது, தங்களுக்கு ஒரு தாத்தாவை இட்டுக்கட்டிக்கொண்ட இரண்டு பேரின் கைவரிசையை.

சரி, கல்லுக்கு வருவோம். கல் நட காசு வேண்டும். பெரும்பாலான தாத்தாக்களிடம் அது இல்லை. காசிருந்தவர்கள் எழுத்தைவிடப் படத்தை நம்பினார்கள். மண்டையோடு, குறுக்கெலும்பு, மணல் கடிகாரம் எல்லாம் 'நீயும் சாவாய், ஞாபகம் இருக்கட்டும்' என்று போகிறவர் வருகிறவரை மிரட்டுவதற்கு. கூடவே தொழில் அடையாளம்: நெசவாளிக்கு நாடா, உழவனுக்குக் கலப்பை. சில கல்லில் கிரீடம் இருக்கும். தாத்தா ராஜா என்று துள்ளிக் குதிப்பதற்கு முன் கிரீடத்துக்குக் கீழே பாருங்கள். சுத்தியல் இருந்தால் அது கொல்லர் சங்கத்து முத்திரை.

ஒரு விஷயத்தில் அந்த ஊர்க் கல்லைக் கையெடுத்துக் கும்பிடலாம். கல்யாணமானாலும் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரை அழிக்கவில்லை. 'இன்னாரின் மனைவி' என்று போட்டாலும் அவளுடைய சொந்தக் குடும்பப் பெயரோடுதான் போட்டார்கள். பாட்டி வழியே இன்னும் இரண்டு தலைமுறை ஏறலாம்.

கல் இருப்பதால் கீழே ஆள் இருக்கிறார் என்றும் சொல்லிவிட முடியாது. எடின்பரோவின் உடற்கூறு வகுப்புகளுக்குப் பிணம் போதவில்லை; புதைத்த ஈரம் காய்வதற்குள் தோண்டி விற்க ஆள் இருந்தது. பிணத்துக்கு மேல் இரும்புக் கூண்டு போட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் காவல் வீடு கட்டி ராத்திரியெல்லாம் விழித்திருந்தார்கள். பர்க், ஹேர் என்ற இருவருக்குத் தோண்டும் சிரமம் பிடிக்கவில்லை. 1828-ல் பதினாறு பேரைக் கொன்றே சரக்கு சப்ளை செய்தார்கள். மாட்டிக்கொண்டதும் ஹேர் அப்ரூவர் ஆனான். பர்க் 1829 ஜனவரியில் தூக்கில் தொங்கினான். அவனுடைய உடலையும் உடற்கூறு வகுப்பில் அறுத்தார்கள். எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழக உடற்கூறு அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

கவனித்தீர்களா? ஒழுங்காக உழுது, ஒழுங்காகச் செத்த தாத்தாவின் கல்லைப் பாசி மூடிவிட்டது. பதினாறு கொலை செய்தவனை எலும்பு எலும்பாக எண்ணிப் பார்க்கலாம். ஸ்காட்லாந்தில் முன்னோர் தேடுகிறவர் கற்கும் முதல் பாடம் இது: யோக்கியர் கிடைக்கமாட்டார்.

இரண்டாவது பாடம், பெயரை நம்பாதே. தாத்தா பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தான் நாம் 'பெயரன்' என்று சொல்லிப் பிறகு பேரன் ஆக்கினோம். அங்கே சொல் இல்லை, சட்டம் போல வழக்கம் இருந்தது. முதல் மகனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மா வழித் தாத்தா பெயர், மூன்றாமவனுக்கு அப்பா பெயர். ஒரு ஜானுக்கு நான்கு மகன்கள் என்றால், நால்வரும் தலைச்சன் பிள்ளைக்கு ஜான் என்று வைக்க, ஒரே ஊரில் ஒரே குடும்பப் பெயரில் நான்கு ஜான்கள் ஓடி விளையாடுவார்கள். வடகிழக்குக் கடற்கரை மீனவ ஊர்களில் குடும்பப் பெயர்களே விரல்விட்டு எண்ணும் அளவு. பட்டப்பெயர் இல்லாமல் கடன்காரனைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. கடைசியில் அரசாங்க ஏட்டிலேயே பட்டப்பெயரையும் சேர்த்து எழுத வேண்டியதாயிற்று.

மெக்ரிகர் குலத்துக்கு வேறு விதமான தலைவலி. 1603-ல் அந்தப் பெயருக்கே தடை வந்தது. மெக்ரிகர் என்று சொல்லிக்கொண்டால் உயிர் போகும். 1661-ல் தடை நீங்கி, 1693-ல் திரும்ப வந்து, 1774-ல்தான் ஒரேயடியாகத் தொலைந்தது. அதுவரை அவர்கள் முர்ரே, கிராண்ட், கேம்பல் என்று கிடைத்த பெயரைப் போட்டுக்கொண்டார்கள். மாடு கடத்துவதில் பெயர் பெற்ற ராப் ராய் மெக்ரிகர் அம்மாவின் கேம்பல் பெயரில் நடமாடினார். பால்குயிடரில் அவருடைய சமாதியில் பிற்காலத்தில் வைத்த கல், எவன் தடுத்தாலும் நான் மெக்ரிகர்தான் என்ற பொருளில் வீறாப்புப் பேசுகிறது. மாடு திருடிய தாத்தாவின் விலாசம் பளிச்சென்று இருக்கிறது. மாட்டைப் பறிகொடுத்த தாத்தாவைப் பாசியைச் சுரண்டித்தான் தேட வேண்டும்.

ஏடுகளுக்கும் விதி நன்றாக இல்லை. குரோம்வெல் தூக்கிக்கொண்டுபோன அரசாங்க ஆவணங்கள் 1660-ல் லண்டனிலிருந்து கப்பலில் திரும்பின. வழியில் புயல், 85 பீப்பாய் ஆவணங்கள் கடலுக்குள் போயின. மிஞ்சிய ஏடுகளுக்காவது நல்ல கட்டடம் வேண்டும் என்று 1774-ல் எடின்பரோவில் ராபர்ட் ஆடம் வரைபடப்படி ஆவண மாளிகைக்கு அடிக்கல் போட்டார்கள். பணம் எங்கிருந்து? இளவரசர் சார்லியின் கட்சியில் சேர்ந்து கெட்டவர்களிடம் பறித்த நிலத்திலிருந்து. ஊரின் நினைவைக் காக்கும் வீட்டையும் ராஜத்துரோகிகள் செலவில்தான் கட்டினார்கள். பாதியில் பணம் தீர்ந்தது; வேலை நின்ற கட்டடத்தில் புறாக்கள் குடியேற, ஐரோப்பாவிலேயே பிரமாதமான புறாக்கூடு என்று ஊர் சிரித்தது.

திருச்சபைப் பதிவேடுகளில் மிகப் பழையது பெர்த்ஷயரில் எரோல் ஊருடையது, 1553-ல் தொடங்குகிறது. அதில் ஞானஸ்நானம், கல்யாண அறிவிப்பு என்று ஒற்றை வரிகள்தான். 1783-ல் லண்டன் அரசு ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டது. பிள்ளை பிறந்த செலவே போதும் என்று சிக்கனக்கார அப்பாக்கள் ஏட்டுப் பக்கமே போகவில்லை. பதினோரு வருடம் கழித்து வரியை எடுத்தார்கள். பரம ஏழைகளுக்கு மட்டும் வரி விலக்கு இருந்தது. பிச்சை எடுத்த தாத்தாவுக்கு இலவசமாக ஏட்டில் இடம். மூன்று பென்ஸ் மிச்சம் பிடித்த தாத்தா வரலாற்றிலிருந்தே மிச்சமில்லாமல் போனார்.

1855 ஜனவரி 1 அன்று அரசாங்கப் பதிவு கட்டாயமானது. புது மருமகள் விருந்து சமைப்பதுபோல் முதல் வருடம் எல்லாவற்றையும் கேட்டார்கள்: பெற்றோர் வயது, பிறந்த ஊர், கல்யாணமான தேதி, மற்ற பிள்ளைகள், இறந்தவரைப் புதைத்த இடம். குமாஸ்தாக்களுக்குக் கை ஒடிந்தது. அடுத்த வருடமே பாதிக் கேள்விகள் போய்விட்டன. அதனால்தான் இன்றைக்கும் முன்னோர் தேடுகிறவர்கள் கொள்ளுத்தாத்தா 1855-ல் செத்திருக்க வேண்டுமே என்று வெட்கமில்லாமல் வேண்டிக்கொள்கிறார்கள்.

உண்மையான புதையல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஊர்த் திருச்சபையிலும் போதகரும் மூப்பர்களும் சேர்ந்து ஒரு சபை நடத்தினார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்தையும் தெருமுனைப் பெட்டிக்கடையையும் ஒன்றாக்கி, கையில் பேனாவைக் கொடுத்ததுபோல் இருக்கும். மூப்பருக்குத் தெரு பிரித்துக் கொடுத்திருந்தார்கள். யார் குடித்தான், யார் யாரைத் திட்டினாள், ஞாயிற்றுக்கிழமை யார் வயலில் இறங்கினான் என்பது அவர் பாடு. எல்லாவற்றிலும் தலையாய வேலை, கல்யாணமாகாத பெண்ணுக்கு வயிறு தெரிகிறதா என்று பார்ப்பது. தெரிந்தால் விசாரணை. அப்பன் பெயரைச் சொல்ல மறுத்தால் பிரசவம் வரை காத்திருப்பார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது மருத்துவச்சி கேட்பாள்: "பேரைச் சொல்லடி." சொன்ன பெயர் மறுநாள் ஏட்டில் ஏறும்.

குற்றம் உறுதியானால், ஞாயிற்றுக்கிழமை ஊரே கூடியிருக்க, முன்னால் போட்ட ஒரு முக்காலியில் உட்கார வேண்டும். கல்யாணமாகாத காதலுக்கு மூன்று ஞாயிறு வழக்கம். அடுத்தவர் மனைவி என்றால் கோணி உடுத்து இன்னும் நிறைய ஞாயிறு. அபராதப் பணம் ஏழைகள் பெட்டிக்குப் போனது. ஊரில் பாவம் பெருகினால் ஏழைக்குக் கஞ்சி கெட்டியாகும். பாவிகள் திருந்திவிட்டால் ஏழைகள் பாடு திண்டாட்டம்.

கல்யாணத்திலும் சபைக்கு வருமானம் இருந்தது. அன்றைய ஸ்காட்லாந்துச் சட்டப்படி இரண்டு பேர் சம்மதித்தாலே கல்யாணம். பாதிரியார் வேண்டாம், அப்பா அம்மா வேண்டாம். எல்லை தாண்டி ஓடிவந்த ஆங்கிலேயக் காதலர்கள் கிரெட்னா கிரீன் கொல்லுப்பட்டறையில் கல்யாணம் முடித்தது இந்தச் சௌகரியத்தில்தான். சபைக்கு அறிவிக்காமல் இப்படிச் செய்துகொண்ட உள்ளூர் ஜோடியைக் கூப்பிட்டு அபராதம் போட்டு, பெயர், ஊர், தேதி எல்லாம் எழுதிவைத்தார்கள். முறைப்படி தாலி கட்டியவருக்கு ஒரு வரி. ஓடிப்போனவருக்கு ஒரு பக்கம்.

இந்தச் சபைகளின் மிகப் பிரபலமான வாடிக்கையாளர் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ். 1786-ல் மாக்லின் ஊரில் அவருடைய காதலி ஜீன் ஆர்மர் கர்ப்பமாக இருந்தாள். பர்ன்ஸ் கல்யாண உறுதி எழுதிக் கொடுத்திருந்தார். கவிஞன் மாப்பிள்ளையாக வருவதைப் பார்த்து மயங்கி விழுந்த ஜீனின் அப்பா, தாளிலிருந்து பெயர்களை வெட்டியெடுக்கச் செய்தார். போதகர் வில்லியம் ஆல்ட் முன்னால் பர்ன்ஸ் மூன்று ஞாயிறு கண்டனம் கேட்டார். முக்காலிக்குப் பதில் தன் வழக்கமான இடத்திலேயே நிற்க மட்டும் சலுகை. அந்தத் தண்டனை முடிவதற்குள், ஜூலை 31 அன்று, அவருடைய முதல் கவிதைத் தொகுதி கில்மார்னாக்கில் வெளிவந்தது. செப்டம்பரில் இரட்டைக் குழந்தைகள். 1788-ல் சபை கல்யாணத்தை ஏற்றுக்கொண்டது. பர்ன்ஸ் ஏழைகளுக்கு ஒரு கினி கொடுத்தார். அவர் 'ஹோலி வில்லியின் பிரார்த்தனை' என்ற கவிதையில் வைத்துக் கிழித்த மூப்பர் வில்லியம் ஃபிஷரே 1790-ல் குடித்ததற்காகச் சபையின் கண்டனம் வாங்கினார். எழுதியவர், எழுதப்பட்டவர் இருவரும் பத்திரமாக ஒரே ஊர் ஏட்டில் இருக்கிறார்கள்.

2021-ல் இந்தச் சபை ஏடுகளை இணையத்தில் எவரும் காசில்லாமல் பார்க்கத் திறந்துவிட்டார்கள். கனடாக்காரர் ராத்திரி விடுதி அறையில் ஈரக் காலுறையைக் காயப்போட்டுவிட்டுப் பக்கங்களைப் புரட்டுகிறார். வாள் பிடித்த தாத்தா கிடைக்கவில்லை. வைக்கோல் போரில் பிடிபட்ட ஒரு பண்ணையாள் கிடைக்கிறார்: பெயர், முதலாளி பெயர், பெண்ணின் பெயர், மறுத்துப் பேசிய வார்த்தை, கட்டிய அபராதம். காலையில் உணவு மேசையில் முன்பின் தெரியாதவர்களிடம் அவர் மார்தட்டிக்கொள்கிறார்: "எங்கள் தாத்தா மூன்று ஞாயிறு!"

சில தாத்தாக்கள் ஸ்காட்லாந்துக் கல்லில் இல்லவே இல்லை. கின்கார்டின்ஷயரில் 1835-ல் பிறந்த ஜேம்ஸ் டெய்லர் 1852-ல் இலங்கையில் வந்து இறங்கினார். 1867-ல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்டார். 1892-ல் இறந்தார்; கண்டியில் புதைத்தார்கள். அங்கே கல் உண்டு, பெயர் உண்டு. மலையில் அந்தத் தேயிலையைக் கிள்ளிய தமிழர்களுக்குக் கல் இல்லை. தோட்டத்தில் அவர்கள் பெயர் ஏறியது 'துண்டு' என்ற சீட்டில், எவ்வளவு கடன் பாக்கி என்பதற்காக. ஏடுகளுக்கு எந்த ஊரிலும் ஒரே குணம்தான். தப்பையும் பிச்சையையும் கடனையும் எழுதும், உழைத்ததை எழுதாது.

எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் கிரேஃப்ரையர்ஸ் தேவாலயத்து முக்காலி ஒன்று இருக்கிறது. ஊர் பார்க்க, தலைகுனிந்து, யார் யாரோ உட்கார்ந்த முக்காலி. அன்று அதில் உட்கார விரும்பியவர் ஒருவருமில்லை. இன்று அவர்களுடைய பேரன்கள் கெஞ்சிக் கேட்டாலும் உட்கார விடமாட்டார்கள்.