நூற்றுக்கு முப்பது, நூற்றுக்கு எண்பது

சித்தியவான் மழைக்குப் பேர்போன ஊர் அல்ல. பேராவில் அந்தப் பெருமை தைப்பிங்குக்கு; எங்களுக்குக் கிடைப்பது அதில் பாதிகூட இருக்காது. ஆனாலும் அக்டோபர் பிறந்தால் எங்கள் தாமானில் எல்லாரும் காரை நிறுத்த மேடு தேடுவோம். இத்தனைக்கும் எங்கள் வடிகாலுக்கு வரைபடம் உண்டு, ஒப்புதல் உண்டு, முத்திரையும் உண்டு.

முன்பு இதே நிலத்தில் பால்மரம் நின்றது. அப்போது முத்திரை ஏது? திட்டமிடல் என்றால் துரையின் மோட்டார் சைக்கிள்தான். காலையில் ஒரு சுற்று வருவார். எந்தக் கானில் புல் மண்டியிருக்கிறது, எங்கே கரை சரிந்திருக்கிறது என்று பார்ப்பார். மத்தியானத்துக்குள் மண்டோர் நாலு பேரையும் மண்வெட்டியையும் கொண்டுவந்து அங்கே நிறுத்திவிடுவார். நிரைக்கு நிரை சிறு கான், சிறு கானெல்லாம் பெரிய கானுக்கு, பெரிய கான் ஆற்றுக்கு. தாள் ஒன்றும் தேவைப்படவில்லை.

இதைச் சொன்னால் "அந்தக் காலம் மாதிரி வருமா!" என்று பெருமூச்சு விட ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். கோயில் திருவிழாவில் சந்திக்கும் பழைய தோட்டத்து ஆட்கள், தோட்டத்தில் வெள்ளமே வந்ததில்லை என்று சத்தியம் செய்வார்கள். மரத்துக்கு வந்ததில்லை, அது உண்மை. வேரில் தண்ணீர் தேங்கினால் பால் குறையும், பால் குறைந்தால் லண்டனில் யாருக்கோ லாபப் பங்கு குறையும். அந்தக் கணக்கில் நாங்கள் குடியிருந்த லயம் இல்லை. மரம் நட லாயக்கில்லாத பள்ளத்தில்தான் லயத்தைக் கட்டியிருந்தார்கள். நல்ல மழை பெய்தால் மரங்கள் காலை உலர்த்திக்கொண்டு நிற்கும்; எங்கள் அம்மா கணுக்கால் தண்ணீரில் நின்று அடுப்பு மூட்டுவார்.

இப்போது காலம் முன்னேறிவிட்டது. 1975இல் அரசாங்கம் நகர வடிகாலுக்கு ஒரு விதிநூல் போட்டது. அதன் சாரம், விழும் தண்ணீரைச் சிமெண்ட் கானில் இறக்கி, முடிந்த வேகத்தில் ஆற்றுக்குத் துரத்து என்பது. எல்லா ஊரும் துரத்தியதில் ஆறு நிரம்பியது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து வடிகால் நீர்ப்பாசன இலாகா புதுக் கையேடு கொண்டுவந்தது. 2001 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அது சொன்னது நேர் எதிர்: விழுந்த இடத்திலேயே தண்ணீரைப் பிடித்துவை. லயத்து வாசலில் நாங்கள் வெகுகாலமாகச் செய்துகொண்டிருந்ததுதான், கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்! முதல் பதிப்பில் 48 அத்தியாயங்கள், 2012இல் வந்த இரண்டாம் பதிப்பில் 20. மழை மட்டும் சுருங்கவில்லை.

கேலி ஒருபுறம் இருக்கட்டும், அது நல்ல கையேடு. பெய்வதில் எவ்வளவு ஓடிவரும் என்பதற்கு அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. சாதாரண மழைக்கு விவசாய நிலம் என்றால் 0.30, வரிசை வீடுகள் என்றால் 0.80. அதாவது பால்மரம் நின்றபோது நூற்றுக்கு முப்பது ஓடிய தண்ணீர், எங்கள் வீடுகள் வந்தபின் நூற்றுக்கு எண்பது ஓடுகிறது. மிச்சமிருந்த இருபதைத்தான், கார் கழுவ வசதி என்று வாசல் மண்ணுக்குச் சிமெண்ட் போட்டு எங்கள் ஆட்கள் முடித்துவைக்கிறார்கள்.

அதனால்தான், வீடு கட்டுவதற்கு முன் எவ்வளவு வேகத்தில் தண்ணீர் வெளியேறியதோ, கட்டிய பின்னும் அதைத் தாண்டக்கூடாது என்பது விதி. கூடுதலைத் தாங்கக் குளம் வேண்டும். எங்களுக்கும் ஒன்று இருக்கிறது. சுற்றிலும் கம்பி வேலி, அபாயப் பலகை, பூட்டு. சாவியைக் கேட்டால் மேம்பாட்டு நிறுவனம் எப்போதோ ஒப்படைத்துவிட்டதாகச் சொல்கிறது. ஊராட்சி மன்ற அலுவலகம் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை என்கிறது. ஆகாயத்தாமரை குளத்தை மூடிவிட்டது. நிரந்தரமாகப் பணியில் இருப்பது ஓர் உடும்பு.

போதாதற்குக் கடல் பக்கம். மஞ்சோங் ஆற்றில் கடல் ஏற்றம் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் உச்சத்துக்கு வரும்போது மழையும் கொட்டினால், கான் தண்ணீர் இறங்க வழியில்லாமல் திரும்பிப் பார்க்கும். தோட்டத்தில் கான் வெட்டியவர்கள் இதை நாள்காட்டியைப் பார்த்தே சொல்வார்கள். அந்த ஆட்களை இன்று யாரும் ஊராட்சி மன்றக் கூட்டத்துக்கு அழைப்பதில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களையும் நாங்கள் அனுப்பவில்லை. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, 1976இல் வந்த சட்டம் அதை மொத்தமாக முடித்துவைத்தது. உறுப்பினர்கள் நியமனம்தான். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வராதவருக்குக் கானை எப்படிக் காட்டுவது?

எதிர்வீட்டுச் சின்னம்மா தோட்டத்தில் கான் வெட்டியவர். எண்பதை நெருங்கும் வயதிலும் விடிந்ததும் மண்வெட்டியோடு வாசல் கானில் இறங்கி மண்ணை வாரிக் கரையில் போடுவார். போன மழைக்காலத்தில், புகாரைப் பார்க்க வந்த ஒரு பையன், நம் பையன்தான், கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"பாட்டி, இது அரசாங்கக் கான். நீங்க கை வைக்கக் கூடாது."

சின்னம்மா நிமிரக்கூட இல்லை. "அப்படியா தம்பி? அப்போ நேத்து என் வீட்டுக்குள்ள வந்ததும் அரசாங்கத் தண்ணிதான். கட்டில் அடியில இன்னும் கொஞ்சம் இருக்கு, எடுத்துக்கிட்டுப் போ."

பையன் சிரித்துவிட்டான். பிறகு புகார் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான்.