தேசாதிபதிக்கும் எல்லை உண்டு

இலங்கையின் பிரிட்டிஷ் தேசாதிபதியே "நாட்டை விட்டுப் போ" என்றால் போகத்தானே வேண்டும்?

"போ" என்று சொல்ல அவருக்குச் சட்டத்தில் இடம் இருக்க வேண்டும். 1937இல் இடமில்லை என்று தீர்ப்பானது.

யாரைப் போகச் சொன்னார்கள்?

மார்க் அந்தனி பிரேஸ்கேர்டிலை. கண்டிக்கு வடகிழக்கே மடுல்கலையில், ரெலுகாஸ் தேயிலைத் தோட்டத்தில் தொழில் பழக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர்.

அவர் செய்த குற்றம்?

துரையாக வந்தவர், தொழிலாளர் பக்கம் நின்றார். 1937 ஏப்ரல் 3 அன்று நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். ஏப்ரல் 22 அன்று, இரண்டே நாளில் வெளியேறும்படி தேசாதிபதி ஸ்டப்ஸின் கட்டளை வந்தது.

அவரைக் காத்தது கட்சியா, நீதிமன்றமா?

லங்கா சமசமாஜக் கட்சி ஒளித்து வைத்தது; கைதான பின் ஆட்கொணர்வு மனு விடுவித்தது. பிரதம நீதியரசர் சிட்னி ஏப்ரகாம்ஸ் தலைமையிலான உயர் நீதிமன்றம், தேசாதிபதி ஆதாரமாகக் காட்டிய 1896ஆம் ஆண்டின் கட்டளை அவசரநிலைக்கு மட்டுமே உரியது என்றது. அவசரநிலை இல்லையென்றால் அந்த அதிகாரமும் இல்லை.

வெள்ளையருக்குக் கிடைத்த நீதி, தோட்டத் தொழிலாளரான தமிழருக்கும் கிடைத்ததா?

இல்லை. அவர்களிடம் "நீங்கள் யார்?" என்று கேட்டது 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். நவம்பர் 15 அன்று அது நடைமுறைக்கு வந்து, பல லட்சம் பேரை நாடற்றவராக்கியது. 25 நாள் கழித்து, குடியுரிமை ஒவ்வொரு மனிதருக்கும் உரியது என்று உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 15ஆம் உறுப்புரை அறிவித்தது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு இலங்கைச் சட்டம் குடியுரிமை வழங்கிய ஆண்டு 2003.