ஏலமலையில் வீடு பார்க்கப் போகிறவருக்கு

முதலில் குளிரை நம்பாதீர்கள். மே மாதப் போடி வெயிலில் வெந்த மனிதரை மலையடி முந்தலிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏற்றி, போடிமெட்டில் ஒரு சுக்குக்காப்பி வாங்கிக் கொடுத்தால், கோழிக்கூண்டையும் பங்களா என்பார். தரகர்களுக்கு இது தெரியும். நீங்கள் ஜூலை மழையில் போங்கள். தரகர் வர மறுத்தால் டீசல் மிச்சம்.

வீட்டைப் பார்க்குமுன் அதற்கு மேலே சரிவில் நிற்கும் மரங்களைப் பாருங்கள். அடிமரமெல்லாம் ஒரே பக்கம் வளைந்திருந்தால், "காத்துக்குச் சாஞ்சதுண்ணே" என்பார் தரகர். மண்ணே மெல்ல நகர்ந்துகொண்டிருக்கலாம். 2020 ஆகஸ்டில் மூணாறுப் பக்கம் பெட்டிமுடியில் ஒரே இரவில் 70 உயிர்கள் மண்ணுக்குள் போயின. இந்த ஒரு பத்தியில் நான் விளையாடவில்லை.

அடுத்து காகிதம். மெட்டுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், பட்டா, வில்லங்கச் சான்று. தாண்டினால் கேரளா: ஆதாரம் என்கிற பத்திரம், கரம் என்கிற நிலவரி கட்டிய ரசீது. "வருஷம் தவறாம கரம் கட்டியிருக்கு" என்றால் அரசாங்கத்துக்கு லாபம். உங்களுக்கு உரிமை ஆகாது. அங்கே ஏலம் பயிரிட மட்டும் குத்தகைக்கு விட்ட நிலம் ஏராளம். அதில் நிற்கும் வீட்டைப் பெரிய ஏலச்செடி என்று நிரூபித்தால் நீங்கள் தப்பலாம். ஏலமலைக் காட்டில் புதுப் பட்டா கொடுக்க 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே இடைக்காலத் தடை போட்டது. "அடுத்த மாசம் பட்டா வந்துரும்" என்பவரிடம் எந்த வருஷம் என்று கேளுங்கள்.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. வங்கிக் கடன் வாங்கப்போவதாகச் சொல்லுங்கள். "லோன் எதுக்கு? ரொக்கமா முடிச்சிரலாம்" என்று பதில் வந்தால் செருப்பை மாட்டிக்கொள்ளலாம்.

போடிக்காரருக்கு இதையெல்லாம் சொல்வதே வெட்கம். ஏலக்காயை உள்ளங்கையில் உருட்டி, தோலைக் கிள்ளி, அரிசியைக் கடித்து, 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிறதா என்று பார்த்து வாங்குகிற ஊர். அதே ஆள் வாட்ஸ்அப்பில் வந்த வீட்டுப் படத்துக்கு அட்வான்ஸ் அனுப்புவார். நானும் அனுப்பினேன், 25,000 ரூபாய். வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் மூலப்பத்திரம் கேட்டதும், "என் மேல நம்பிக்கை இல்லையாண்ணே?" என்றார் தரகர். "இல்லை தம்பி" என்று சொல்ல நாக்கு எழவில்லை. "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றேன். தமிழனுக்கு வாய்த்த கடைசி அடைக்கலம் அது.

மலை இறங்கும்போது தரகர் பின்சீட்டில் வளைவுக்கு வளைவு மௌனமாக உட்கார்ந்திருந்தார். முந்தல் வந்ததும் தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, சமதளத்துல ஒரு மனை இருக்கு. பாத்துட்டுப் போயிரலாமா?"