ஒன்றும் செய்யாமல் இருக்கும் கலை

கள்ளி பூக்க வேண்டுமென்றால் அதைப் பட்டினி போட வேண்டும். ஒக்டோபரில் தண்ணீரை நிறுத்தினால் மார்ச் வரைக்கும் ஒரு சொட்டும் காட்டக்கூடாது. 10 பாகைக்குக் கீழான குளிரில், ஈரமில்லாமல், யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடந்தால்தான் ரெபூட்டியா இனங்கள் வசந்தத்தில் மொட்டு வைக்கும். அவற்றின் சொந்த ஊர் பொலிவியா, ஆர்ஜென்ரீனா மலைச்சரிவுகள். அங்கே குளிர்காலம் வறண்டிருக்கும். ஊரைவிட்டு வந்தும் செடி அந்தப் பழக்கத்தை விடுவதில்லை. இதைவிட எனக்குத் தோதான பொழுதுபோக்கு உலகத்தில் இல்லையென்று நினைத்தேன். ஒன்றும் செய்யாமல் இருப்பதில் எனக்குள்ள திறமையை மனைவி கலியாணமான நாள்முதல் சபையறியச் சொல்லி வருகிறாள்.

ஆனால் ரொறன்ரோவின் ஸ்காபரோவில், ஒரு யாழ்ப்பாணத்து வீட்டுக்குள், ஓர் உயிரைப் பட்டினி போடுவது லேசுப்பட்ட காரியமல்ல. பார்சல் கொண்டுவந்த பெடியனையே “ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன் தம்பி” என்று மறிக்கிற மாமி எங்களோடு இருக்கிறார். இந்த ஊரில் பல வீடுகளில் முன்வாசல் படிக்கு நேர்கீழே, பேஸ்மென்றில், ஒரு கோல்ட் றூம் இருக்கும். வெள்ளைக்காரர் அதில் வைன் போத்தல் அடுக்குவார்கள். எங்களுடையதில் ஒடியல் மா, மோர்மிளகாய், வெங்காய மூட்டை. அந்த மூட்டைக்குப் பக்கத்தில்தான் என் கள்ளிகளை உறங்க வைத்தேன். மாமி வெங்காயம் எடுக்க இறங்கும்போதெல்லாம் கையில் ஒரு செம்பு தண்ணீரும் கூடவே இறங்கியிருக்கிறது. “வாய் திறந்து கேக்கத் தெரியாத சீவன்கள், பாவம்” என்றார் பிறகு. தைப்பொங்கலுக்குச் செடிகள் கொழுகொழுவென்று உருண்டிருந்தன. மாசியில் அடியழுகி, தொட்ட விரல் உள்ளே போனது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்றது கள்ளியை நினைத்தல்ல.

இத்தனை பாசம் எங்கள் மண்ணில் கள்ளிக்குக் கிடைத்ததே இல்லை. அமெரிக்காக் கண்டங்களிலிருந்து வந்து சேர்ந்த நாகதாளிக் கள்ளி ஊர்க்காணியெல்லாம் பிடித்தபோது, அதை அழிக்கப் பூச்சியைக் கப்பலேற்றி வரவழைத்தார்கள். முதலில் வந்த பூச்சியின் கதை இன்னும் நல்லது. 1795இல் கப்டன் நீல்சன் என்பவர் றியோ டி ஜெனீரோவிலிருந்து இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தது சிவப்புச் சாயம் எடுக்க. அதற்கும் முன்னே சென்னை சைதாப்பேட்டையில் டொக்டர் ஜேம்ஸ் அண்டர்சன் இந்தப் பூச்சிக்குத் தீனியாகக் கள்ளித் தோட்டமே போட்டுவிட்டுக் காத்திருந்தார். வந்ததோ தரம் குறைந்த இனம். சாயம் தேறவில்லை, கள்ளியில் ஒரு சாதியை மட்டும் சப்புக்கொட்டித் தின்றது. இதுவும் ஒரு தொழில்தானே என்று 1860களில் அதையே இலங்கைக்கும் களைகொல்லியாக அனுப்பினார்கள். நாகதாளிக்கு அது வாய் வைக்காததால், 1920களில் வேறோர் இனத்தை இலங்கைக்கும் பிறகு இந்தியாவுக்கும் தருவித்து அந்தக் கணக்கையும் முடித்தார்கள். அப்பிடி ஊரார் பூச்சி வாங்கிக் கள்ளியைக் கொன்றார்கள். நான் கள்ளியை டொலர் கொடுத்து வாங்கி, காது துடைக்கும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து, மாவுப்பூச்சியை ஒவ்வொன்றாகக் கொன்றுகொண்டிருக்கிறேன்.

“வேலியில போன ஓணானை மடியில கட்டினவை இருக்கினம்,” என்றாள் மனைவி. “வேலியையே மடியில கட்டினது நீங்கள் ஒராள்தான்.”

மன்னாரிலிருக்கும் தங்கச்சி, நாகதாளி மடல் ஒன்றைப் பொதி செய்து அனுப்பட்டோ என்று பரிவோடு கேட்டாள். பயந்துபோய் மறித்தேன். கள்ளிக் குடும்பம் அநேகமாக முழுவதுமே சைற்றிஸ் என்ற அனைத்துலக உயிரின வணிக உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கிறது. யானைத்தந்தம் கடத்தினவனுக்கும் எனக்கும் ஒரே சட்டமாகிவிடுமோ என்று பயம். ஊர்க்காணியில் ஆடும் தீண்டாத ஒரு மடலுக்காக பியர்சன் விமான நிலையத்தில் தலைகுனிந்து நிற்க எனக்கு மனமில்லை.

டிசம்பரில் ரொறன்ரோவில் பகல் ஒன்பது மணித்தியாலந்தான், அதிலும் பாதி மப்பு. உறங்க மறுத்த சில செடிகளுக்காக பேஸ்மென்றில் ஊதா நிற விளக்குப் பூட்டினேன். ஹைட்ரோ பில், அதாவது கரண்ட் பில், ஏறியது ஒரு பக்கம். யன்னல்வழியே தெரிந்த வெளிச்சத்தைக் கண்டவர்களின் ஊகம் மறுபக்கம். 2018 ஒக்டோபரிலிருந்து கனடாச் சட்டப்படி வீட்டுக்கு நான்கு கஞ்சாச் செடி வளர்க்கலாம். கோயிலில் ஒரு மூத்தவர் என்னைத் தூணோரம் கூப்பிட்டு, “தம்பி, முழங்காலுக்குப் பூச நல்லதெண்டு சொல்லுகினம், கொஞ்சம் கிடைக்குமோ?” என்றார். கள்ளி என்று விளங்கப்படுத்தினேன். “அப்பிடித்தான் வெளியில சொல்லோணும்” என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பிரசாதம் வாங்கப் போனார்.

கிறிஸ்மஸ் கள்ளி என்று கடைகளில் கிடைப்பது பிரேசில் மலைக்காட்டில் மரக்கிளைகளில் தொற்றி வளரும் சாதி. முள் இல்லை. அதற்கு வேறொரு பிடிவாதம்: ஒரு நாளைக்குப் பதின்மூன்று, பதினான்கு மணித்தியாலம் கும்மிருட்டு வேண்டும், அதுவும் ஆறு கிழமைக்குத் தொடர்ச்சியாக. இரவு வேலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களுமாக எந்நேரமும் லைட் எரிகிற வீட்டில் இருட்டுக்கு எங்கே போவது? மனைவியின் சேலை அலுமாரிதான் கிடைத்தது. ரொறன்ரோவில் சனிக்கிழமை என்றால் ஒரு சாமத்திய வீடு, ஒரு பிறந்தநாள், ஒரு அரங்கேற்றம். அலுமாரி திறந்து மூடும், செடியின் இரவு திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும். கடைசியில் மொட்டு வந்ததைக் காட்ட வரவேற்பறைக்குத் தூக்கி வந்தேன். இடம் மாறிய கோபத்தில் அத்தனை மொட்டையும் கம்பளத்தில் உதிர்த்தது. கிறிஸ்மஸ் கள்ளி என்று விற்பவற்றில் பெரும்பாலானவை உண்மையில் தாங்ஸ்கிவிங் கள்ளி. கனடாவில் தாங்ஸ்கிவிங் ஒக்டோபர் இரண்டாம் திங்கள். செடியோ அமெரிக்கக் கணக்கில் நவம்பர் கடைசியில்தான் பூக்கிறது. எங்களுக்கெல்லாம் சிற்றிசன் கிடைத்துவிட்டது, அது இன்னும் மனம் மாறவில்லை.

பெரிய கடைகளில் வேறொரு கள்ளி விற்கிறார்கள். உச்சியில் மஞ்சளும் சிவப்புமாகப் பூ. வேறொரு செடியின் உலர்ந்த பூவைச் சுடுபசையால் ஒட்டியது. செடிக்கு அநியாயம், வாங்குகிறவனுக்கு ஏமாற்று என்று கடை நடுவில் நின்று பிரசங்கம் பண்ணினேன். மனைவி அதில் ஒன்றை வாங்கி யன்னலில் வைத்தாள். வருகிற விருந்தாளிகள் எல்லாரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். “உங்கட கை ராசியான கை” என்று எனக்குப் பாராட்டும் கிடைக்கிறது. மறுக்க நேரம் வாய்ப்பதில்லை.

தமிழ்நாட்டில் பிரம்ம கமலம் என்று கும்பிடுவதும், சிங்களவர் கடுபுல் என்பதும் ஒரே செடி. மெக்சிக்கோப் பக்கத்துக் கள்ளி. ஓர் இரவு மட்டும் வெள்ளையாக, வாசமாக, ஒரு கையகலத்துக்குப் பூத்து விடியமுன் தொங்கிவிடும். எங்கள் வீட்டில் அதில் ஒரு மொட்டு முற்றியபோது நான் மொன்றியலுக்குக்கூட போன் எடுத்தேன். பூப்பார்க்க வந்தவர்களுக்காக மட்டன் றோல்ஸ், கட்லட், மைலோ. ஒன்பது மணியளவில் விரியத் தொடங்கும் என்று அறிவித்திருந்தேன். மொட்டுக்கு அறிவித்தல் போய்ச் சேரவில்லை. பத்தேகாலாகியும் கொக்குக் கழுத்தைப்போல் வளைந்து நின்றதே தவிர அசையவில்லை. அடுத்த நாள் வேலை நாள். “றோல்ஸ் நல்லாயிருந்தது” என்று ஒவ்வொருவராகச் சப்பாத்து மாட்டினார்கள். நடுச்சாமத்தில் அது முழுதாக விரிந்தபோது பார்த்தது நானும், மருந்து குடிக்க எழும்பின மாமியும். மாமி கிட்டப்போய் மணந்து பார்த்தார். “இவ்வளவு நேரம் முழிச்சிருக்குது, ஏதேன் குடுத்தனீங்களோ?” என்றார்.

எவர் கையும் படாமல் பூக்கிற கள்ளியும் இந்த மாகாணத்தில் இருக்கிறது. லெமிங்டனுக்குத் தெற்கே, எரி ஏரிக்குள் மூக்கு நீட்டும் பொயின்ற் பீலி தேசியப் பூங்காவின் மணலில் ஒரு சப்பாத்திக்கள்ளி, கனடாவின் சுதேசி. குளிருக்கு முன் உடம்புத் தண்ணீரைக் குறைத்து, சுருங்கி, மண்ணோடு படுத்து, பனியைப் போர்த்துக்கொள்ளும். கோடையில் எழும்பி மஞ்சளாகப் பூக்கும். கனடாவில் இப்போது அது அருகிவரும் இனம், ஒரு மடலும் கிள்ளக்கூடாது. அதன் சொந்தக்காரச் செடி ஒன்றை நேர்சரியில் வாங்கி என் முன்முற்றத்தில் நட்டேன். அது மட்டும் பிழைத்துப் பெருகி, தபால்காரர் நடக்கும் பாதைவரை வந்துவிட்டது. எனக்குத் தெரிந்து அதற்கு இதுவரை ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. பனிக்காலத்தில் மாமி முற்றத்துக்கு இறங்குவதில்லை.

ஆகவே அறிவித்தல்: சப்பாத்திக்கள்ளி மடல் வேண்டியவர்கள் மே மாதத்து விக்டோரியா டே விடுமுறைக்குப் பிறகு வந்து இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். தடித்த தோல் கையுறையும், கண்ணுக்குத் தெரியாத முள் எடுக்க ஒரு சாமணமும் கொண்டு வாருங்கள். காலையில் வருவது நல்லது. மத்தியானம் வந்தால் மாமி சாப்பிடாமல் விடமாட்டார்.